இடி இடித்தால் அணையும் சர்வர்

கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக நான் தமிழ்நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. என் ஊரான கொழிஞ்சாம்பாறையில் பேருந்து ஏறி, பொள்ளாச்சி, பழனி, தேனி என்று மாறி மாறி, கம்பத்தில் ஒரு விடுதியில் படுத்து, காலையில் மலை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினால் வண்டன்மேடு. போன் வழியாகவே முடிகிற வேலைக்கு நான் எங்கும் போவதில்லை. ஆனால் உள்ளே ஒன்றுமே போடாத வெறும் சர்வரை எந்தப் போன் வழியாகவும் எட்ட முடியாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, பென் டிரைவைச் செருகி, லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, இணையத்தில் இணைத்துவிட வேண்டும். அதன் பிறகு அந்த ஆள் ஊருக்குப் போய்விடலாம்.

வரச் சொன்னவர் கொச்சியில் இருந்தார். அப்பா நடத்திய ஏலக்காய் ஸ்டோர் அப்போதுதான் மகனான அவர் கைக்கு வந்திருந்தது. ஸ்டோர் என்றால் கடை இல்லை. சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் பச்சைக்காயைக் கொண்டுவந்து உலர்த்திக்கொண்டு போகிற கட்டடம். கீழே உலர்த்தும் அறைகளும் தரம் பிரிக்கிற கூடமும், மேலே ஒரு சின்ன ஆபீஸும் இருந்தன. கட்டடம் முழுக்கப் பாயசத்துக்குப் பொடித்த ஏலக்காய் வாசனை. முதல் அரைமணி நேரம் நன்றாக இருந்தது, பிறகு தலையை வலித்தது.

ஆபீஸில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து வேலை பார்த்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து, கல்யாணமாகிச் சக்குபள்ளத்துக்கு வந்தவள். யார் காய் எந்தத் தட்டில் கிடக்கிறது, பச்சையில் என்ன எடை, உலர்ந்தபின் என்ன எடை, ஏலத்துக்கு எது போகிறது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. பழைய கணினி செத்துப்போனதிலிருந்து எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

என் பையை வாங்கி வைத்து, பால் ஊற்றாத கட்டன் சாயா கொடுத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மேடம், இன்னிக்குள்ள இது ஓடலைன்னா கணக்கு வேலையக் கொச்சிக்கே கொண்டு போயிருவேன்னு சின்ன மொதலாளி சொல்லிட்டாரு. என்னையக் கீழ காய் பொறுக்கப் போகச் சொல்லிருவாரு. எங்க லயத்துலருந்து ஆபீஸ் நாக்காலியில வந்து ஒக்காந்தது நான் ஒருத்திதான். அம்மாகிட்ட இன்னும் இதச் சொல்லல."

"ஓடிருமுங்க. இதென்னங்க பெரிய வேலை," என்றேன். இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்.

சர்வர் மேசைக்கடியில் இருந்தது. கொச்சி காக்கநாட்டில் ஏதோ ஒரு கம்பெனி மூடப்பட்டபோது மலிவாக வாங்கியது, பல மாதம் கிடங்கில் கிடந்தது என்று கேள்வி. ஆட்டுக்கல் கனம். தூசியைத் தட்டி, திரையை மாட்டி, பென் டிரைவைச் செருகி, பொத்தானை அமுக்கினேன். விசிறிகள் லாரி மாதிரி இரைந்தன. பிறகு திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து, பாதுகாப்பு மீறல், இதை இயக்க முடியாது என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு நின்றுவிட்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கணினி கண் விழித்ததும் முதலில் ஓடுவது நாம் போடுகிற லினக்ஸோ விண்டோஸோ இல்லை. மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கிற ஒரு நிரல். எங்கள் தொழிலில் அதைப் பழைய வழக்கப்படி பயாஸ் என்போம். எந்த ஹார்ட் டிஸ்க் வட்டிலிருந்து எழுவது, யாரை உள்ளே விடுவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தனக்குத் தெரிந்த கையொப்பம் இல்லாத எதையும் ஓட விடாதே என்று அதில் ஓர் அமைப்பு உண்டு, செக்யூர் பூட் என்று பெயர். என் பென் டிரைவ் நானே பல கருவிகளைப் போட்டுத் தயாரித்தது, அதற்குக் கையொப்பமும் கிடையாது ஒன்றும் கிடையாது. பயாஸுக்குள் போய் அந்த அமைப்பை அணைத்தேன். சேமித்துவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது லினக்ஸ் எழுந்தது. எழுந்து, இந்தக் கணினியில் வட்டே இல்லை என்றது. வட்டு சுழல்கிற சத்தம் என் காதுக்குக் கேட்கிறது, அதற்குக் கேட்கவில்லை. இதுவும் பழைய கதைதான். வட்டுகளைச் சேர்த்துக் கட்டிக் காட்டுகிற ரெய்டு முறையில் பயாஸ் இருந்தால் லினக்ஸுக்குச் சில பலகைகளில் கண் தெரியாது. திரும்ப உள்ளே போய் அதை ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றினேன். வட்டு தெரிந்தது. அவளிடம், "சாப்பிட்டுட்டு வந்து மீதியப் பாத்துக்கலாமுங்க," என்று சொல்லிவிட்டுக் கவலையில்லாமல் கீழே இறங்கினேன். அவள் சாப்பிட வரவில்லை. கணினிக்குக் காவல் இருப்பதாகச் சொன்னாள்.

துலா மாதம், தமிழில் ஐப்பசி. அந்த மலையில் அந்த மாதத்தில் காலை பளிச்சென்று இருக்கும், மதியச் சாப்பாடு முடியும்போது வானம் இருட்டி இடிக்க ஆரம்பிக்கும். நான் கை கழுவும்போது முதல் இடி. கப்பைக் கிழங்கும் மீனும் தந்த மயக்கத்தில் மெதுவாக மாடியேறினேன். ஆபீஸில் விளக்கு எரிந்தது, ஆனால் திரை கறுத்துக் கிடந்தது. சர்வர், திரை, மோடம், பிரிண்டர் என்று எல்லாவற்றின் பிளக்கும் மேசைமேல் வரிசையாகப் படுத்திருந்தன. அவள் நாற்காலியில் இரண்டு கால்களையும் மடக்கித் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இடிச்சிருச்சு மேடம். அதான் எல்லாத்தையும் புடுங்கிட்டேன்," என்றாள், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

எங்கள் ஊரில் கணவாய்க் காற்று அடிக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். இடிக்கு யாரும் எழுந்து ஓடுவதில்லை. இங்கே எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்றாள். முதல் இடிக்கு டிவி, இரண்டாவது இடிக்கு ஃபிரிட்ஜ், கேபிள் ஒயரைக்கூடக் கழற்றி வாசலுக்கு வெளியே எறிந்துவிடுவார்களாம். இதெல்லாம் வீண் பயம் என்கிற மாதிரி நான் சிரித்திருக்க வேண்டும்.

"ஏலப்பாறையில ஒரு இடியில ஒரு வரிசை லயத்துல இருந்த டிவி பூராம் எரிஞ்சு போச்சு மேடம். எங்கப்பா சுவிட்ச அமத்தப் போயி தூக்கி எறிஞ்சிருச்சு. அன்னியிலருந்து அவருக்கு வலது கை வராது. சோறே எடது கையிலதான்."

அதற்குமேல் சிரிக்க முடியவில்லை. மழை நின்றதும் பிளக்கை மாட்டினேன். பொத்தானை அமுக்கினேன். சிவப்புக் கட்டம் வந்து பாதுகாப்பு மீறல் என்றது.

சேமிக்காமல் வெளியே வந்துவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி உள்ளே போய் இரண்டையும் மாற்றினேன். சேமிக்கவா என்று அது கேட்டதற்கு ஆம் என்று கொடுத்ததை இம்முறை வாய்விட்டே சொன்னேன். வட்டு தெரிந்தது, லினக்ஸ் ஏற ஆரம்பித்தது. அப்போது பார்த்துக் கொச்சியிலிருந்து போன். ஆபீஸுக்குள் சிக்னல் கிடைக்காது, முற்றத்தின் ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் நின்றால்தான் பேச்சு கேட்கும். போய் நின்றேன். எத்தனை மணிக்கு முடியும் என்று மலையாளத்தில் கேட்டார். பாதி முடிந்தது என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேலே இடித்தது. மாடிக்கு ஓடினேன். பிளக்குகள் மேசைமேல் படுத்திருந்தன.

"ஏனுங்க, பாதியில புடுங்கலாமுங்களா? சொன்னேனில்லீங்க, தொடாதீங்கன்னு?" என்று கத்திவிட்டேன். உண்மையில் நான் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கோபத்தில் சொன்னதாகவே தோன்றியது.

"கை தானாப் போயிருது மேடம்," என்றாள். அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பிளக்குகளின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மறுபடி மாட்டினேன். மறுபடி சிவப்புக் கட்டம். இம்முறை நான் சேமித்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் செக்யூர் பூட் எழுந்து உட்கார்ந்திருக்கிறது, வட்டு முறை பழையபடி ரெய்டுக்குத் திரும்பியிருக்கிறது. நான் வந்ததற்கே அடையாளம் இல்லை. தாய்ப்பலகை கெட்டுவிட்டது, மலிவாகக் கிடைத்த லட்சணம் இதுதான் என்று முடிவு கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் அதைக் கொச்சிக்கும் சொன்னேன்.

அவர் வருத்தப்படக்கூட இல்லை. அப்படியானால் விட்டுவிடுங்கள், இங்கே ஓர் அக்கவுண்டன்ட்டிடம் பேசித்தான் வைத்திருக்கிறேன், தாள்களையெல்லாம் கட்டி நாளைய ஜீப்பில் கொடுத்துவிடச் சொல்லி ஆபீஸ் சேச்சியிடம் சொல்லுங்கள் என்றார். ஆபீஸ் சேச்சி என்றால் அவள். மாடியேறி அதைச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. சொன்னேன். அவள் அலமாரியிலிருந்து தாள்களை எடுத்து மேசைமேல் அடுக்கி, சணல் கயிறு தேட ஆரம்பித்தாள்.

அந்த நேரம் எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வேறு எங்காவது கண்ணை வைக்க வேண்டுமென்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயாஸின் முதல் பக்கம், மேல் மூலையில் தேதி. பல வருடங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி. காலையிலிருந்தே தேதி தப்பாக இருந்ததைப் பார்த்தேன், லினக்ஸ் ஏறியபின் இணையத்திலிருந்து தானே சரியாகிவிடும் என்று விட்டுவைத்திருந்தேன். முதல் இடிக்குப் பிறகு உள்ளே போனபோது நானே கை சும்மா இராமல் அதைச் சரி செய்தும் வைத்தேன். இப்போது அது மறுபடி அதே ஜனவரிக்குப் போயிருந்தது.

பலகை கெட்டிருந்தால் தேதி ஏன் இவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும்? பயாஸின் நினைவையும் கடிகாரத்தையும் பிடித்துவைத்திருப்பது பலகையில் செருகியிருக்கிற ஒரு சின்ன வட்ட பேட்டரி. பிளக் மாட்டியிருக்கும்வரை அதற்கு வேலையே இல்லை, பிளக்கைப் பிடுங்கினால்தான் அது தாங்க வேண்டும். காக்கநாட்டில் அந்த சர்வர் வருடக்கணக்காக யுபிஎஸ்ஸில் அணையாமல் ஓடியிருக்கும். பேட்டரி எப்போதோ செத்துப்போயும் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த மலையில் வந்து விழுந்த முதல் நாளே, ஒவ்வோர் இடிக்கும் பிளக்கைப் பிடுங்குகிற ஒருத்தியின் கையில் மாட்டிக்கொண்டது. பிளக் வெளியே வந்த மறுகணம் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பிறந்த மேனிக்குத் திரும்பியிருக்கிறது.

"கயிறு வேண்டாமுங்க, விடுங்க," என்றேன். மூடியைக் கழற்றிப் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "இதே மாதிரி ஒண்ணு வேணுமுங்க. வாட்ச் ரிப்பேர் கடையில இருக்கும்."

அவள் குடையை எடுக்காமல் போனாள். தலையெல்லாம் நனைந்து, பேட்டரியை மட்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். போட்டேன். இரண்டு அமைப்புகளையும் மாற்றினேன். லினக்ஸ் ஏறியது. வட்டு, இணையம், எடை போடுகிற மென்பொருள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி உட்கார்ந்தன. பொத்தானை ஒரே ஒரு முறை லேசாக அமுக்கினால் சர்வர் தானே ஒழுங்காக அணையும், பச்சை விளக்கு போனபிறகு பிளக்கைப் பிடுங்கலாம் என்று காட்டிக்கொடுத்தேன்.

"இப்ப நீங்களே புடுங்கிப் பாருங்க."

"இடிக்கவே இல்லையே மேடம்."

"பரவால்லீங்க, புடுங்குங்க."

அமுக்கினாள், காத்திருந்தாள், பிடுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து மாட்டினாள். சிவப்புக் கட்டம் வரவில்லை. தேதி சரியாக இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், என்னை முதல்முறையாக அக்கா என்றாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

கொச்சிக்குப் போன் செய்து பேட்டரிதான் போயிருந்தது என்றேன். பிளக் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான், இனி இங்கே இருந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம் அல்லவா என்று. பார்க்கலாம் என்றேன்.

அதன் பிறகு நான் அந்த மலைக்குப் போகவில்லை. மாதம் ஒருமுறை கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே அந்த சர்வருக்குள் நுழைந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வெளியே வருவேன். மழை நாட்களில் மதியத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். பிந்தினால், இயந்திரம் இப்போது அணையப் போகிறது என்ற ஒற்றை வரி திரையில் விழும், இணைப்பு போய்விடும். அங்கே இடிக்கிறது, அவள் எழுந்து பொத்தானை அமுக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். மழை விட்டதும் சர்வர் திரும்ப வரும். அவளோடு போனில் பேசுவது அபூர்வம், அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அந்த ஒற்றை வரி வந்தால் நாற்காலியில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த துலா மாதம். அன்று நான் தாமதமாக உட்கார்ந்தேன், மதியம் நன்றாகச் சாய்ந்துவிட்டது. எப்படியும் துண்டிக்கப்போகிறது என்று அவசர அவசரமாக வேலை செய்தேன். துண்டிக்கவில்லை. வேலை முடிந்தும் இணைப்பு அப்படியே இருந்தது. போனில் மழை ரேடார் படத்தைப் பார்த்தேன், வண்டன்மேட்டுக்கு மேலே முழுக்கச் சிவப்பு. அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்து இணையம் வழியாகக் கூப்பிட்டேன்.

எடுத்ததும் முதலில் கேட்டது இடிதான். பிறகு அவள் குரல்.

"நான் கீழ காய் பொறுக்குற எடத்துல இருக்கேன்க்கா. ஓணம் முடிஞ்சதுலருந்து இங்கதான். எடையெல்லாம் இப்ப ஒணத்துறவங்களே போன்ல போட்டுர்றாங்க. கொச்சியில பாத்துக்கிறாங்க. மேல ஆள் வேண்டாம்னுட்டாங்க."

உலர்த்துகிறவர் எடை போடுகிற அந்த வசதியை கொச்சிக்காரர்கள் கேட்டபோது அமைத்துக்கொடுத்தது நான்தான். அதைக் கேட்டவர்கள் எதற்கு என்று சொல்லவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்." மறுபடி இடித்தது. "அக்கா, இங்க ரொம்ப இடிக்குது. மேல பொட்டி அப்படியே கெடக்கே. யாரும் புடுங்கிருக்க மாட்டாங்க. நான் போயி அமத்திட்டு வரவா?"

"ஒண்ணும் போகண்டாமுங்க," என்றேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "எரிஞ்சா எரியட்டும். உங்களுக்கென்னங்க வந்துது? ஒயரத் தொட்டு உங்க கைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா," என்றாள். போன் வைக்கப்பட்டது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இயந்திரம் இப்போது அணையப் போகிறது என்ற வரி விழுந்தது. இணைப்பு போனது.

சற்று நேரத்தில் கொச்சியிலிருந்து அவரே கூப்பிட்டார். சர்வர் ஏன் நின்றது என்றார். இடி இடிக்கிறது, அதனால் யாரோ அணைத்திருக்கிறார்கள் என்றேன். மேலேதான் இப்போது ஆளே இல்லையே, யார் அணைப்பது என்றார்.

ஆள் இருக்கிறது என்று சொல்லி அவள் பெயரைச் சொன்னேன். அது யார் என்று கேட்டார்.